ராமையா அண்ணனின் பட்டியலும் என் மூன்றாம் அத்தியாயமும்

1

ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, "கடல் எப்படி இருக்கு?" என்பதைத்தான். சுனாமி வந்து எட்டு வருஷம் ஓடிவிட்டது. இன்னமும் அதே கேள்வி. ஏதோ நான் கடலை வாசலில் கட்டிப்போட்டு வளர்ப்பதாக அருப்புக்கோட்டையில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் வீடு போர்ட் பிளேரின் ஓரத்தில், டாலிகஞ்சில் இருக்கிறது. வாசலில் நின்றால் தெரிவதெல்லாம் எதிர்க்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகளும், காய்கறி வந்ததா என்று விசாரிக்க வரும் தெலுங்கு, மலையாள, வங்காள முகங்களும்தான். எல்லோரும் எல்லோரிடமும் ஹிந்தியில் பேசுவார்கள். டில்லிக்காரர் யாராவது கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் ஹிந்தி. எனக்கு அதுதான் சௌகரியம்.

கல்யாணமாகி இங்கே வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. கணவருக்குத் துறைமுகப் பட்டறையில் வேலை. நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். ஒரே மகள் நிலா, பதினொன்றாம் வகுப்பு. நன்றாகத்தான் இருக்கிறோம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடல் தாண்டிப் போனவர்கள் எழுதினால் அழுதுகொண்டேதான் எழுதுவார்கள் என்று ஊரில் ஓர் எதிர்பார்ப்பு உண்டு. எனக்கு அழ நேரம் இல்லை. மழைக்காலத்தில் துணி காய வைக்கவே பாதி நாள் போய்விடுகிறது.

இந்தக் குறிப்புகளை எழுத வைத்தது ஒரு சுற்றறிக்கை. மெயின்லேண்டிலிருந்து வந்தது. இலக்கியம், வரலாறு, சமூகவியல் துறைகள் தங்கள் ஆராய்ச்சியைச் சமூகத்தோடு எப்படி இணைத்தன, வெவ்வேறு பண்பாட்டு மக்களிடம் எப்படிக் கொண்டுசேர்த்தன என்று மூன்று பிரதிகளில் தெரிவிக்க வேண்டுமாம். கூடவே ஒரு படிவம். அதில் நான்காவது கட்டம்: ஆய்வால் பயனடைந்தோர்.

அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு பீரியட் முழுக்க உட்கார்ந்திருந்தேன். என் முனைவர் பட்ட ஆய்வு, சுனாமிக்குப் பிறகு கச்சால் தீவில் வாழும் மக்களின் நினைவுகளைப் பற்றியது. அதனால் பயனடைந்தவர் யார் என்று யோசித்தால், ஒரே ஒரு பெயர்தான் வந்தது. அது என் பெயர். ஆனால் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்று கீழே அச்சடித்திருந்தார்கள். "கச்சால் தீவு மக்கள்" என்று கறுப்பு மையில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் கல்லூரி முதல்வர் வங்காளி. எதையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். நான்காவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"கோமதி மேடம், இன் லோகோங் கோ க்யா மிலா?" இவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார்.

நான் சிரித்து மழுப்பினேன். அவரும் சிரித்தார். "டீக் ஹை. ஏக் ஃபோட்டோ லகா தீஜியே" என்று படிவத்தைத் திருப்பித் தந்தார். பயனடைந்தவர்களோடு நான் நிற்பது போல ஒரு போட்டோ ஒட்ட வேண்டுமாம்.

2

கச்சால், நிக்கோபார் தீவுக் கூட்டத்தில் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து கப்பல் கார் நிக்கோபாரைத் தொட்டுவிட்டு அங்கே போகும். கடலோரத்தில் நிக்கோபாரிகளின் ஊர்கள், மேட்டில் ரப்பர் தோட்டம். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் தமிழர்கள். இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து, ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, மண்டபம் முகாமில் இருந்து, சென்னையில் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தவர்கள். சுனாமி கச்சாலின் கரையோரத்தைத் துடைத்துக்கொண்டு போனது. நான் அடுத்த வருஷம் போனபோது தகரக் கொட்டகைகளில் எல்லோரும் கலந்து இருந்தார்கள்.

எனக்கு முன்னால் அங்கே படிவங்கள் போயிருந்தன. சட்டை மடிப்புக் கலையாத பலர், பல அமைப்புகளிலிருந்து, ஆளுக்கொரு படிவத்தோடு வந்து போயிருந்தார்கள். அதனால் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கையில் நோட்டுடன் யாராவது கப்பலிலிருந்து இறங்கினால் போதும். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒன்று, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு, பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றுவிடுவார்கள். நான் போன அன்றும் வரிசை நின்றது.

"நான் ஃபார்ம் எதுவும் கொண்டு வரலிங்க. ஆராய்ச்சிக்காக வந்திருக்கேன்" என்றேன்.

"சரிங்க மேடம். போட்டோ ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுங்களா?" என்றார் வரிசையில் முதலில் நின்றவர்.

அவர்தான் ராமையா அண்ணன். ரப்பர் பால் வெட்டுகிறவர். அப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார். எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் மதுரையில் படித்தபோது சொல்லிக்கொடுத்தபடி, குரலைத் தணித்து, திறந்த மனதோடு, அவரைத் தன்போக்கில் பேசவிடும் கேள்வியாகக் கேட்டேன். சுனாமிக்கு முன்னால் உங்கள் வாழ்க்கை எப்படி இருந்தது, நீங்கள் இழந்தது என்னென்ன. அவர் மரியாதைக்காக நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"எழுதிக்கிறீங்களா மேடம்? தகரப்பெட்டி ரெண்டு. சுவத்துக் கடியாரம் ஒண்ணு. டேப்ரிக்கார்டு ஒண்ணு, கேசட்டு பதினொண்ணு. பால் வெட்டுற கத்தி ரெண்டு. தையல் மிசின் ஒண்ணு. லயத்துக்குப் பின்னால எலுமிச்ச மரம் ஒண்ணு, காய்ச்சுக்கிட்டு இருந்துச்சு."

"அதெல்லாம் இருக்கட்டும் அண்ணே. பாட்டு, கோயில் திருவிழா, அந்தக் காலத்துப் பேச்சு, இப்படி ஏதாவது சொல்லுங்களேன்."

அவர் என் நோட்டை எட்டிப் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இருக்குங்களா?"

அடுத்து எஸ்தர். நிக்கோபாரி, அங்கன்வாடியில் வேலை, என் வயசுக்காரி. ஹிந்தியில்தான் பேசினோம். அவள் சொன்ன பட்டியலில் தென்னை மரங்கள், ஒரு தோணி, ஒரு ஃப்ரிட்ஜ். அவளுடைய ஊருக்கு அப்போது மின்சாரமே போகவில்லை என்பது எனக்குத் தெரியும். முகத்தில் எதையும் காட்டாமல் எழுதிக்கொண்டேன். மூன்று வாரம் இப்படியே போயிற்று. வாழ்க்கையைக் கேட்கப் போனவள் சாமான் கணக்கோடு திரும்பினேன்.

3

போர்ட் பிளேருக்கு வந்து நோட்டுகளைப் பிரித்து வைத்துப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ராமையா அண்ணன் இன்னொரு நாள், பீடி குடித்துக்கொண்டு சும்மா பேசியபோது, இலங்கையிலிருந்து கிளம்பிய கதையைச் சொல்லியிருந்தார். ஒரு பெட்டியும் படுக்கையும்தான் தூக்க முடிந்தது, தையல் மெஷினை லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பக்கத்துக் காம்பிராவில் விட்டுவிட்டு வந்தோம் என்று. அவர் மறந்துவிட்டார், என் நோட்டு மறக்கவில்லை. கச்சாலில் அவர்கள் வீட்டில் மெஷினே இருந்ததில்லை என்று பக்கத்து வீட்டிலும் சொல்லியிருந்தார்கள். எலுமிச்சை மரமும் அந்த மலைநாட்டு லயத்துக்குப் பின்னால் நின்றதுதான்.

எனக்கு ஒரே சந்தோஷம். துப்பறிவாளர் போல இரண்டு பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடிக்கோடு போட்டேன். மூன்றாம் அத்தியாயம் அப்படித்தான் பிறந்தது. நிவாரணத்தை எதிர்பார்த்துச் சொல்லப்படும் நினைவுகள் மிகைப்படுத்தப்படுகின்றன, இத்தகைய பட்டியல்களைச் சான்றாகக் கொள்ள இயலாது என்று ஆங்கிலத்தில் கம்பீரமாக எழுதினேன். தையல் மெஷின் ஓர் எடுத்துக்காட்டு, ஃப்ரிட்ஜ் இன்னொன்று. தேர்வாளர்கள் அந்த அத்தியாயத்தைத்தான் தனியாகப் பாராட்டினார்கள். பட்டமளிப்பு போட்டோவை ஹாலில் மாட்டினோம்.

எழுதியதை அந்த மக்களிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்றால் அது பொய். தோன்றியது. பயம்தான். அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. கல்லூரியில் படித்தபோது அருப்புக்கோட்டை நூலகத்தில் எங்கள் ஊர்த் தெப்பக்குளத்தைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன். கல்வெட்டு, ஆவணம் என்று அடுக்கினேன். கடைசி பெஞ்சிலிருந்து தண்ணி வண்டி தள்ளுகிற ஒருவர் எழுந்தார். "பாப்பா, அந்தக் கொளத்துக்குத் தண்ணி நீ சொல்ற பக்கமிருந்து வராதும்மா, மேக்க இருந்து வரும். நான் முப்பது வருசமா எறங்கி மொள்றேன்" என்றார். கூட்டம் சிரித்தது. நான் அவருக்குப் பதில் சொல்லாமல் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவர் சொன்னது சரி என்று அடுத்த வாரமே தெரிந்தது. தெரிந்தும் போய்ச் சொல்லவில்லை. அன்றிலிருந்து, விஷயம் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நான் வாசிப்பதில்லை. கருத்தரங்குகளில் அந்த ஆபத்து கிடையாது.

4

முதல்வர் போட்டோ கேட்ட வாரமே, ஞாயிற்றுக்கிழமை காலையில், கதவு தட்டப்பட்டது. நிலா திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, கோயீ அங்கிள் ஆயே ஹைங்" என்று உள்ளே குரல் கொடுத்தாள், யாரோ அங்கிள் வந்திருக்கிறாராம்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ராமையா அண்ணன் நின்றார். கண் புரைக்கு ஆபரேஷன் செய்துகொள்ளக் கப்பலில் வந்திருந்தாராம். விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தியில் தங்கை மகள் வீட்டில் தங்கியிருந்தார். ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆகிவிட்டது, விமானம் இறங்கும் சத்தத்தில் தூக்கம்தான் வரவில்லை என்றார். யார் யாரிடமோ கேட்டு என் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. தோசை சுட்டுப் போட்டேன். தோட்டத்துச் செய்தி, யார் வீட்டில் கல்யாணம், புது வீடுகள் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், தகரக் கொட்டகையைப் பிரித்தாயிற்று, எல்லாம் சொன்னார். டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். நீங்க அன்னிக்கு எழுதிக்கிட்டுப் போனது என்ன முடிவாச்சுங்க?"

"என்ன முடிவு அண்ணே?"

"மத்தவங்க எழுதுனதுக்கெல்லாம் ஒரு முடிவு வந்திருச்சுங்க. சில பேரு தகரம் குடுத்தாங்க, சில பேரு பாத்திரம் குடுத்தாங்க, கவர்மெண்டு வீடு குடுத்துச்சு. ஒருத்தங்க உனக்குக் கெடையாதுன்னு லெட்டர் போட்டாங்க. அதுவும் முடிவுதானே. உங்க ஃபைல் மட்டும் பெண்டிங்ல நிக்குது. எஸ்தரும் கேட்டுட்டு வரச் சொன்னுச்சு."

அவர் தலைக்கு மேலே சுவரில் என் பட்டமளிப்பு போட்டோ. கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நான். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது படிவமே இல்லை, நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏழு வருஷம் ஒரு மனுஷர் காத்திருக்கிறார். நான் அவர் பொய் சொன்னார் என்று எழுதி, பட்டம் வாங்கி, சுவரில் மாட்டியிருக்கிறேன்.

"நானே கச்சாலுக்கு வந்து, எழுதினதை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுறேன் அண்ணே. முடிவையும் அங்கேயே சொல்றேன்" என்றேன்.

"எந்த ஷிப்புல?" என்றார்.

தீவில் வாக்குக் கொடுத்தால் இப்படித்தான். ஊரில் என்றால் "பார்க்கலாம், ஆகட்டும்" என்று இழுத்தடிக்கலாம். இங்கே கப்பலைச் சொல்லவேண்டும்.

5

நிக்கோபாருக்குப் போக பாஸ் வேண்டும். பாஸ் கொடுக்கும் கிளார்க் ஒரு மலையாளி, நன்றாகத் தமிழ் பேசுவார்.

"மேடம், எதுக்குப் போறீங்க? டியூட்டியா, சொந்தக்காரங்களா, வியாபாரமா?"

"எழுதினதை வாசிச்சுக் காட்டப் போறேன்."

"அப்படி ஒரு ஐட்டம் இல்ல மேடம். ரிசர்ச்னு போட்டா ஃபைல் டில்லிக்குப் போகும். திரும்பி வர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்."

"ரிசர்ச் முடிஞ்சுபோச்சு சார். அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் போறேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எடுத்துவரப் போகிறேன் என்று சொன்னவர்களைத்தான் பார்த்திருக்கிறாராம். மேலதிகாரியிடம் போனார், வந்தார், மறுபடி போனார். நான்காம் நாள் பாஸ் கிடைத்தது. நோக்கம் என்ற இடத்தில் "ஆவணங்களைத் திருப்பிக் காட்டுதல்" என்று ஹிந்தியில் எழுதியிருந்தது.

அதற்குள் வீட்டில் வேறு வேலை நடந்தது. தமிழர்களுக்குத் தமிழில் வாசிக்கலாம். எஸ்தருக்கும், கடை வைத்திருக்கும் வங்காளிகளுக்கும், பள்ளிக்கூடத் தெலுங்கு வாத்தியாருக்கும் ஹிந்தியில் வாசிக்க வேண்டும். ஆங்கிலத்திலிருந்து ஹிந்தியில் எழுதி நிலாவிடம் காட்டினேன். நிலாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அது என் தீராத வருத்தம். அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஹிந்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"அம்மா, இது ஹிந்தி இல்ல. கவர்மெண்ட் நோட்டீஸ். சாதாரண ஆதமி லோக் இப்படிப் பேச மாட்டாங்க" என்று அடித்து அடித்துத் திருத்தினாள். மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"இது அந்த அங்கிள்தானே? தோசை சாப்ட்டாரே, அவர்தானே?"

"ஆமா."

"அவர் ஜூட் சொன்னாருன்னா எழுதியிருக்க?"

"பொய்னு இல்லடி. நம்பகத்தன்மை குறைவுன்னு..."

"வஹி தோ" என்றாள். அதைத்தானே நானும் சொல்கிறேன் என்று அர்த்தம்.

நான் ஏழு வருஷமாக நீட்டி முழக்கி வைத்திருந்ததை என் மகள் ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். அந்தப் பக்கங்களையும் விடாமல் திருத்திக் கொடுத்தாள். அன்றே ஒரு முடிவெடுத்தேன். தையல் மெஷினும் ஃப்ரிட்ஜும் வரும் அந்த இரண்டு பக்கங்களை வாசிக்கப் போவதில்லை. மீதி நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன, எல்லாம் நல்ல பக்கங்கள். வாசிப்போம், கைதட்டுவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வோம். போட்டோ ஆசை அப்போதும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

6

கச்சால் பள்ளிக்கூட ஹாலில் வாசிப்பு. தோட்டத்தில் காலை வேலை முடிந்து எல்லோரும் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். பாதிப் பேர் கையில் பிளாஸ்டிக் கவர். முன்வரிசையில் ராமையா அண்ணனும் எஸ்தரும். பின்னால் பெண்களோடு அண்ணனின் மனைவி லெட்சுமி அக்கா.

முதல் இரண்டு அத்தியாயங்களும் நன்றாகவே போயின. ஒரு பத்தி தமிழில், அதே பத்தி ஹிந்தியில். தோட்டத்துக்கு வந்த முதல் மழைக்காலம், கப்பல் வராமல் அரிசி தீர்ந்துபோனது, நிக்கோபாரிகள் தேங்காயும் கிழங்கும் கொண்டு வந்து கொடுத்தது. தமிழர்கள் சொன்னதை நிக்கோபாரிகள் ஹிந்தியில் கேட்டுத் தலையாட்டினார்கள். நிக்கோபாரிகள் சொன்னதைத் தமிழில் கேட்டதும், "அவுங்களும் இதச் சொல்லியிருக்காங்களா?" என்று தமிழர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் முப்பது வருஷம் வாழ்ந்தவர்கள், ஒருவர் தங்களைப் பற்றி என்ன சொன்னார் என்று மற்றவர் கேட்பது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இதைத்தானே அந்தச் சுற்றறிக்கை கேட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் அத்தியாயம் வந்தது. முதல் பக்கத்தை வாசித்துவிட்டு, அடுத்த இரண்டு தாள்களைச் சேர்த்துப் பிடித்துத் திருப்பினேன்.

"மேடம், ரெண்டு பக்கத்த ஒண்ணாத் தள்ளிட்டீங்க" என்றார் ராமையா அண்ணன். "இப்பத்தாங்க கண்ணு நல்லாத் தெரியுது."

ஒட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டு அப்படியே போயிருக்கலாம். ஹால் முழுக்க என்னைப் பார்த்தது. தண்ணி வண்டிக்காரர் எழுந்து நின்றது ஞாபகம் வந்தது. தாள்களைத் திருப்பி வைத்தேன். வாசித்தேன். தையல் மெஷினை, எலுமிச்சை மரத்தை, ஃப்ரிட்ஜை, இந்தப் பட்டியல்களைச் சான்றாகக் கொள்ள இயலாது என்பதை. தமிழில் வாசித்துவிட்டு, நிலா திருத்திக் கொடுத்த ஹிந்தியிலும் வாசித்தேன். அவள் எழுதியிருந்த ஹிந்தியில் எதுவும் மறையவில்லை; எல்லாம் பளிச்சென்று புரிந்தது.

ராமையா அண்ணன் மெதுவாக எழுந்தார்.

"மேடம் எழுதுனது சரிதாங்க. மிசின் சுனாமியில போகல. இலங்கையில, தலவாக்கலயில, நாங்க கெளம்புன அன்னிக்கு லயத்துல விட்டுட்டு வந்தது. மரமும் அங்க உள்ளதுதான்." பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அதுக்கு யாரும் ஃபார்ம் குடுக்கலிங்களே. கப்பலேத்துனப்பவும் கேக்கல, மண்டபத்துலயும் கேக்கல, இங்க எறக்கிவிட்டப்பவும் கேக்கல. நீங்கதான் வந்து உக்காந்து, என்னென்ன எழந்தீங்கன்னு கேட்டீங்க. சுனாமியில மட்டும்னு நீங்க கேக்கல. அதான் எல்லாத்தையும் சொன்னேன்."

நோட்டைப் பார்க்கவே தேவையில்லை. என் கேள்வி எனக்கு மனப்பாடம். அவர் சொன்னது சரி. நான் அப்படித்தான் கேட்டிருந்தேன். நான் கேட்ட கேள்விக்குத்தான் அவர் பதில் சொல்லியிருக்கிறார். பதிலை மட்டும் நான் வேறு கேள்விக்கு வைத்துத் திருத்தியிருக்கிறேன்.

பின்னாலிருந்து லெட்சுமி அக்காவின் குரல் வந்தது. "அது என் மிசினு. சக்கரத்துல பச்சப் பெயிண்டு அடிச்சிருந்தேன். அத எழுதாம விட்டுட்டீங்க."

அடுத்து எஸ்தர் எழுந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. "மேடம், ஸுவர் கா லைன் நஹீ தா" என்றாள். உங்களுக்கு முன்னால் வந்தவர்களின் படிவத்தில் பன்றிக்குக் கட்டம் இல்லை, டிவி, ஃப்ரிட்ஜ், பீரோ என்றுதான் அச்சடித்திருந்தது. எங்கள் குடும்பம் முழுவதற்கும் பொதுவான பன்றிகள் கடலோடு போயின. விருந்துக்கு வேண்டிய இறைச்சி அதில்தான் இருந்தது. இறைச்சி இருக்கிற பெட்டி எது என்று வாலண்டியரிடம் கேட்டேன், ஃப்ரிட்ஜ் என்று சொன்னார், அதையே எழுதினோம். உங்களிடமும் மாற்றிச் சொன்னால் குழப்பம் ஆகிவிடும் என்று அதையே சொன்னேன். இப்படி ஹிந்தியில் அவள் சொல்லச் சொல்ல ஹால் சிரிக்க ஆரம்பித்தது. தமிழர்கள் சிரித்தார்கள், வங்காளிக் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். அழ நேரம் இல்லை என்று முதலில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

7

சிரிப்பு அடங்கியதும் ராமையா அண்ணன் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"சரிங்க மேடம். முடிவு என்னாங்க?"

இதற்கு மேல் மழுப்ப எதுவும் இல்லை. "முடிவுன்னு எதுவும் வராது அண்ணே. அது ஃபார்மே இல்ல. நான் படிச்சு ஒரு பட்டம் வாங்கறதுக்காக எழுதினது. பட்டம் கிடைச்சது, சம்பளமும் கூடுச்சு. உங்களுக்கு எதுவும் வாங்கித் தர என்னால முடியாது. அதை அன்னிக்கே உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லியிருக்கணும். சொல்லல. தப்புதான்."

"அப்ப நாங்க சொன்னத யாரும் பாக்கலியா?"

"மூணு பேர் பார்த்தாங்க. மெயின்லேண்டுல பெரிய படிப்புப் படிச்சவங்க."

"என்ன சொன்னாங்க?"

"உங்களை நம்ப வேண்டாம்னு நான் எழுதினது ரொம்பச் சரின்னு சொன்னாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "பாவம், அவுங்க மிசினப் பாத்ததில்ல" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் மேஜை மேல் இருந்த தாள்களை அடுக்குவது போல என்னவோ செய்துகொண்டிருந்தேன். புதிதாக எழுதுகிறேன் அண்ணே, நீங்கள் இப்போது சொன்னதையும் சேர்த்து, என் கேள்வி தப்பு என்பதையும் சேர்த்து எழுதுகிறேன், எழுதி முடித்து இதே ஹாலில் மறுபடி வாசித்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவேன் என்று சொன்னேன். எஸ்தருக்காக ஹிந்தியிலும் சொன்னேன். அவள் எந்த ஷிப்பில் என்று கேட்டாள். மழைக்காலம் முடிந்து வரும் முதல் கப்பல் என்றேன்.

"அதுவரைக்கும் ரசீது குடுங்க" என்றார் ராமையா அண்ணன்.

இங்கே யாரிடம் எதை எழுதிக் கொடுத்தாலும் படிவத்தின் அடியில் ஒரு துண்டைக் கிழித்து, உங்களுடையது எங்களுக்கு வந்து சேர்ந்தது என்று கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். உதவி வருகிறதோ இல்லையோ, அந்தத் துண்டு பத்திரமாக இருக்கும். ஏழு வருஷத்தில் வந்தவர்கள் எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள், நான் ஒருத்திதான் கொடுக்கவில்லை. என்னிடம் முத்திரை இல்லை, கல்லூரித் தாள் கூட இல்லை என்றேன். பரவாயில்லை, கையெழுத்துப் போதும் என்றார்.

பள்ளிக்கூட வாத்தியார் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார். கச்சால் தீவு ராமையா, லெட்சுமி ஆகியோரிடமிருந்து கீழே உள்ளவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று எழுதினேன். தகரப்பெட்டி இரண்டு, சுவர்க் கடிகாரம் ஒன்று, டேப்ரிக்கார்டர் ஒன்று, கேசட் பதினொன்று, கத்தி இரண்டு. தையல் மெஷின் ஒன்று, சக்கரத்தில் பச்சைப் பெயிண்ட், தலவாக்கலையில் விட்டுவந்தது. எலுமிச்சை மரம் ஒன்று, காய்த்துக்கொண்டிருந்தது, அதுவும் அங்கேயே. எழுத எழுத லெட்சுமி அக்கா பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பச்சை என்ற சொல்லை விரலால் தொட்டுப் பார்த்தார். அவருக்குப் பின்னால் எஸ்தர், எஸ்தருக்குப் பின்னால் கவர்களோடு மற்றவர்கள், வழக்கம்போல வரிசை நின்றுவிட்டது.

கீழே கோமதி என்று கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ராமையா அண்ணன் தாளை முகத்துக்கு நேரே பிடித்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். பிறகு என்னிடமே திருப்பி நீட்டினார்.

"பேருக்கு முன்னால டாக்டர்னு போடலிங்களே."

"அது எதுக்கு அண்ணே, வேணாம்" என்றேன்.

"போடுங்க மேடம்" என்றார். "நாங்க குடுத்ததுதானே."

போட்டேன்.